நர்சை ஏமாற்றி தன் இதயத்துக்குள் குழாய் விட்ட டாக்டர்!

அன்று பைத்தியக்காரத்தனம், இன்று சென்னையில் தினமும் உயிர் காக்கும் சிகிச்சை

ராத்திரி மணி 2. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். குடும்பத் தலைவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்கிறார். பனியன் நனையும் அளவுக்கு வேர்வை.

"என்னங்க செய்யுது?" என்று மனைவி பதறிப்போய் கேட்கிறார்.

"ஒண்ணும் இல்லம்மா. ராத்திரி தின்ன பரோட்டா ஒத்துக்கல. வாயு புடிச்சிருக்கு. சோடா இருந்தா குடு."

சோடா வருகிறது. பிறகு பெருங்காயம் கலந்த மோர். பிறகு நெஞ்சில் தைலம். "விடியட்டும், டாக்டர்கிட்ட போகலாம்" என்று முடிவு ஆகிறது.

விடிகிறது. சிலருக்கு மட்டும் விடிவதே இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தெருவுக்கு ஒரு வீட்டில் நடந்த கதை. வாயு என்று நினைத்தது மாரடைப்பு. அதைச் சரி செய்யும் மெஷின் சென்னையில் இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். மருந்து இருக்கிறது. மணிக்கட்டில் சின்னதாக ஒரு துவாரம் போட்டு, நூல் மாதிரி ஒரு குழாயை இதயம் வரை அனுப்பி, அடைப்பை நீக்கி விடுகிறார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். மயக்க மருந்து கூட வேண்டாம். நோயாளி பேசிக்கொண்டே படுத்திருப்பார்.

ஆனால் ஆள் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே!

கையில் இருந்து இதயத்துக்குக் குழாய் விடும் இந்த வழி சும்மா கிடைத்தது அல்ல. ஒரு டாக்டர் மேலதிகாரிக்குத் தெரியாமல், ஒரு நர்சை ஏமாற்றி, தன் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த வழி அது. துப்பறியும் கதையையும் மிஞ்சும் அந்தச் சம்பவம் வருமாறு:–

அனுமதி மறுப்பு

1929-ம் ஆண்டு. ஜெர்மனியில், பெர்லின் நகரத்துக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்து வந்தார். வயது சுமார் 25.

அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும் மனிதனின் இதயத்தைப் பொதுவாக டாக்டர்கள் தொட மாட்டார்கள். தொட்டால் நின்றுவிடும் என்று பயம். போர்ஸ்மனுக்கு மட்டும் ஒரு யோசனை. கை ரத்தக் குழாயில் ஒரு ரப்பர் குழாயை விட்டுத் தள்ளிக்கொண்டே போனால் அது நேராக இதயத்துக்குள் போய்விடுமே! அந்த வழியாக மருந்து கொடுக்கலாமே!

பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டார். அவர் பெயர் ஷ்னைடர். அவர் "கூடாது" என்று சொல்லிவிட்டார். நோயாளிக்குச் செய்யக்கூடாது. தனக்குத் தானே செய்து பார்க்கவும் கூடாது. போர்ஸ்மனின் தாயாருக்குத் தெரிந்த குடும்பம் அது. ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

நர்சு சிக்கினார்

போர்ஸ்மன் விடவில்லை. குழாய், கத்தி, ஊசி எல்லாம் பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி நர்சு கெர்டா டிட்சனிடம் இருந்தது. போர்ஸ்மன் அந்த நர்சோடு பேச்சுக் கொடுத்துப் பழகினார். மருத்துவப் புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தன் யோசனையை விளக்கினார். கேட்டுக் கேட்டு நர்சுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. கடைசியில், "எனக்கே செய்து பாருங்கள்" என்று நர்சு சம்மதித்தார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். நர்சு அலமாரியைத் திறந்து சாமான்களை எடுத்து வந்தார். ஆபரேஷன் மேஜையில் படுக்கும்படி போர்ஸ்மன் சொன்னார். படுத்தார். கையையும் காலையும் மேஜையோடு கட்டினார். நர்சின் கையில் மருந்து தடவினார். பிறகு, நர்சின் பார்வைக்கு எட்டாத பக்கமாகப் போனார்.

அங்கே போய் என்ன செய்தார்? தன் இடது கை முழங்கை மடிப்பில் தானே மரத்துப் போகும் ஊசி போட்டுக்கொண்டார். தோலைக் கீறி, ரத்தக் குழாயைத் திறந்தார். சுமார் 2 அடி நீளமுள்ள குழாயை உள்ளே செலுத்தினார். சிறுநீர் வியாதிக்காக வைத்திருந்த குழாய் அது.

நர்சு மேஜையில் காத்துக்கொண்டே கிடந்தார். டாக்டர் திரும்பி வந்தார். கட்டை அவிழ்த்தார். அப்போதுதான் நர்சுக்கு விஷயம் புரிந்தது. குழாய் தன் கையில் இல்லை, டாக்டரின் கையில்! தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நர்சுக்கு ஒரே ஆத்திரம்.

எக்ஸ்ரே அறையில் கைகலப்பு

ஆனால் ஆத்திரப்பட நேரம் இல்லை. குழாய் இதயம் வரை போயிற்றா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே அறை கீழ்த்தளத்தில் இருந்தது. கையில் குழாய் தொங்க, மாடிப்படி இறங்கி நடந்தே போனார் போர்ஸ்மன்.

விஷயம் கேள்விப்பட்டு இன்னொரு டாக்டர் ஓடி வந்தார். போர்ஸ்மனின் நண்பர். பெயர் ரோமைஸ். "செத்துப்போவாய்" என்று பதறிக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். போர்ஸ்மன் அவரைக் காலால் உதைத்துத் தடுத்தார் என்று சொல்வார்கள்.

எக்ஸ்ரே திரைக்கு எதிரே கண்ணாடி பிடிக்கப்பட்டது. அதில் பார்த்துக்கொண்டே குழாயை மேலும் மேலும் தள்ளினார். குழாயின் முனை இதயத்தின் வலது அறைக்குள் போய்விட்டது. இதயம் நிற்கவில்லை! படம் எடுக்கச் சொன்னார். அந்த எக்ஸ்ரே படம்தான் சாட்சி.

வேலை போனது

பெரிய டாக்டர் ஷ்னைடர் முதலில் திட்டினார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். ஆனால் வெளியுலகம் பாராட்டவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. பெர்லினில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலை போயிற்று. இந்த மாதிரி வித்தை எல்லாம் சர்க்கசுக்குத்தான் லாயக்கு என்று அங்கிருந்த பிரபல டாக்டர் சாவர்புரூக் கேலி செய்ததாகச் சொல்லப்படுகிறது.

போர்ஸ்மன் மனம் வெறுத்து சிறுநீரக டாக்டராக மாறினார். ஹிட்லரின் நாஜி கட்சியில் சேர்ந்தார். அது அவர் வாழ்க்கையில் ஒரு கறை. யுத்தத்தில் ராணுவ டாக்டராகப் போய், கைதியாகப் பிடிபட்டார். யுத்தம் முடிந்த பிறகு சிறிய ஊர்களில் வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இதற்கிடையில் அமெரிக்காவில், நியூயார்க்கில், கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற 2 டாக்டர்கள் அவருடைய பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டார்கள். அதே முறையில் இதயத்துக்குள் குழாய் விட்டு, ரத்த அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்தார்கள். 1956-ல் மூன்று பேருக்கும் சேர்த்து மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பைத்தியக்காரன் என்று துரத்தப்பட்டவர், 27 வருஷம் கழித்து உலகப் புகழ் பெற்றார்.

கை தவறியது

கதை இதோடு முடியவில்லை. போர்ஸ்மன் போனது இதயத்தின் அறைக்குள். ஆனால் மாரடைப்பு வருவது அங்கே இல்லை. இதயத்துக்கே சோறு போடுகிற சின்ன ரத்தக் குழாய்கள் உண்டு. பென்சில் கனம் கூட இருக்காது. அதில்தான் அடைப்பு. அந்தக் குழாய்க்குள் மருந்து போனால் ஆள் குளோஸ் என்றுதான் டாக்டர்கள் நம்பினார்கள்.

1958 அக்டோபர் 30. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரம். டாக்டர் மேசன் சோன்ஸ் ஒரு வாலிபருக்கு இதய வால்வைப் படம் பிடித்துக்கொண்டு இருந்தார். குழாயின் முனை நழுவி, இதயத்தின் சின்ன ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. படத்துக்கான மருந்து பாய்ந்துவிட்டது.

வாலிபரின் இதயம் நின்றது! டாக்டர் பதறிப்போய் நெஞ்சைத் திறக்கத் தயாரானார். அதற்குள் ஒரு யோசனை. "இருமு, இருமு" என்று நோயாளியைப் பார்த்துக் கத்தினார். வாலிபர் இருமினார். இதயம் மறுபடி துடித்தது. ஆள் பிழைத்தார்.

படச்சுருளைப் பார்த்தால், அதுவரை யாரும் உயிருள்ள மனிதனிடம் அவ்வளவு தெளிவாகப் பார்க்காத காட்சி. இதய ரத்தக் குழாய் கிளை கிளையாகத் தெரிந்தது. இன்று "ஆஞ்சியோ எடுத்தாச்சா?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்கிறோமே, அந்த ஆஞ்சியோ பிறந்தது இப்படித்தான்.

அடைப்பு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அதே கிளீவ்லாண்ட் ஆஸ்பத்திரியில் 1967-ல் டாக்டர் பவலோரோ ஒரு வழி செய்தார். காலில் இருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும்படி ஒட்டுப் போட்டார். அதுதான் பைபாஸ். அதன் பிறகு 8 வருஷத்தில் அது சென்னைக்கு வந்துவிட்டது. 1975-ல் பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார்.

காலை வெட்ட மறுத்த பாட்டி

நெஞ்சைத் திறக்காமல் அடைப்பை எடுக்க முடியாதா? அந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் 82 வயது பாட்டி ஒருவர்.

1964 ஜனவரி. அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரம். அந்தப் பாட்டியின் கால் ரத்தக் குழாய் அடைத்து, பாதம் அழுகிக்கொண்டு இருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். பாட்டி "முடியவே முடியாது" என்று மறுத்துவிட்டார். டாக்டர் சார்லஸ் டாட்டர் ஒரு குழாயை உள்ளே விட்டு, அதன் மேல் இன்னும் தடியான குழாயை விட்டு, அடைப்பை அகலப்படுத்தினார். பாதத்துக்கு ரத்தம் பாய்ந்தது. பாட்டி சாகும் வரை சொந்தக் காலில்தான் நடந்தார். அப்படியும் சக டாக்டர்கள் டாட்டருக்கு வைத்த பட்டப்பெயர், "கிறுக்கு சார்லி"!

சமையலறையில் பிறந்த பலூன்

அந்தக் கிறுக்கு இன்னொருவரையும் பிடித்தது. அவர் ஜெர்மனியில் பிறந்த டாக்டர் ஆந்திரியாஸ் குருன்ட்சிக். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகர ஆஸ்பத்திரியில் வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்தால் சமையலறை மேஜைதான் அவருடைய தொழிற்சாலை. மனைவியும், உதவியாளர் ஒருவரும் கூட உட்கார்ந்துகொள்வார்கள். குழாய், நூல், பசை. குழாயின் முனையில் குட்டி பலூன் ஒட்டுவார்கள். அடைப்புக்குள் போய் ஊதினால் அடைப்பு நசுங்க வேண்டும். ஆனால் பலூன் வெடிக்கக்கூடாது. பல முறை தோல்வி.

1977 செப்டம்பர் 16. ஜூரிச்சில் 38 வயதுள்ள ஒருவருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு. பைபாஸ் ஆபரேஷனுக்கு டாக்டர்கள் தயாராக நின்றார்கள். அதற்கு வேலை வைக்காமல் பலூன் அடைப்பைத் திறந்துவிட்டது. நோயாளி விழித்தபடியே இருந்தார். 10 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ரத்தக் குழாய் திறந்தே இருந்தது. ஆனால் அதைப் பார்க்க குருன்ட்சிக் இல்லை. 1985-ல் அவரும் மனைவியும் சென்ற சிறு விமானம் அமெரிக்காவில் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 46.

குருன்ட்சிக்கிடம் தொழில் கற்றவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். இந்தியாவில் 1980-களில் பலூன் சிகிச்சையை வேரூன்றச் செய்தவர். பல ஆண்டுகள் சென்னையில்தான் பணி. 2025-ல் காலமானார்.

பலூனில் ஒரு குறை இருந்தது. நசுக்கிய இடம் மறுபடி சுருங்கும். அதற்கு 1986-ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் வலைக்கம்பி போன்ற ஒரு சின்ன உலோகக் குழாயை உள்ளே வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். பிறகு ஸ்டென்டின் மேல் மருந்து பூசினார்கள். சுருங்குவது வெகுவாகக் குறைந்தது.

விலைக்கு வந்தது வேட்டு

ஒரு காலத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. தாலியை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29 ஆயிரத்து 600 ரூபாய், சாதா ஸ்டென்ட் 7 ஆயிரத்து 260 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச். போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செலவு கிடைக்கும்.

ஆக, வழி கிடைத்தாயிற்று. மெஷின் வந்தாயிற்று. விலையும் இறங்கியாயிற்று. இன்னும் ஒரே ஒரு திருடன் பாக்கி. அவன் பெயர் நேரம்.

நிமிஷத்துக்கு நிமிஷம் சாவு

மாரடைப்பில் நடப்பது என்ன? ரத்தக் குழாய்ச் சுவரில் பல வருஷமாகக் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தக் கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைவதுபோல் அங்கே ரத்தம் கட்டிக்கொள்கிறது. குழாய் மூடிவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள இதயத் தசைக்கு ரத்தம் இல்லை. அரை மணிக்குள் தசை சாகத் தொடங்குகிறது. மணி ஆக ஆக சாவு பரவுகிறது. செத்த தசை மறுபடி முளைக்காது. 12 மணி நேரம் போய்விட்டால் திறந்து வைத்தாலும் மிச்சப்படுவது கொஞ்சம்தான்.

அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் கணக்கு நிமிஷத்தில் இருக்கிறது. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிஷத்தில் ஈ.சி.ஜி. பலூன் வசதி உள்ள ஆஸ்பத்திரி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும். வசதி இல்லாத ஊரில், கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டினார்கள். 2012 முதல் 2014 வரை, சிறு ஆஸ்பத்திரிகளையும் 108 ஆம்புலன்சையும் பெரிய ஆஸ்பத்திரிகளோடு சங்கிலியாக இணைத்து, 2 ஆயிரத்து 420 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். இணைப்பதற்கு முன், மாரடைப்பு வந்த 100 பேரில் 17.6 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். இணைத்த பிறகு அது 14.2 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் புது மருந்து ஒன்றும் வரவில்லை. இருப்பதை நேரத்துக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்!

2023-ல் தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு முதலுதவியாக 14 மாத்திரை. ரத்தம் மேலும் கட்டாமல் இருக்க 2 ஆஸ்பிரின், 4 குளோபிடோகிரல். கொழுப்புத் திட்டை அடக்க 8 அட்டோர்வாஸ்டாடின். கொடுத்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே 14 மாத்திரையை விழுங்கக் கூடாது. வயிற்றுப் புண், மூளையில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

வாயுவா? மாரடைப்பா?

வீட்டில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? நடு நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போல அழுத்தம். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி. குப்பென்று வேர்வை. மூச்சு இரைப்பு. வாந்தி வருவது போல இருத்தல். இவற்றில் சிலது சேர்ந்து வந்து, 10, 15 நிமிஷத்தில் அடங்கவில்லை என்றால் வாயு என்று முடிவு கட்டாதீர்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வலியே தெரியாமல் வரலாம். வெறும் மூச்சுத் திணறலும் களைப்பும்தான் இருக்கும். பெண்களிலும் பலருக்கு இப்படித்தான். "வேலை செஞ்ச அலுப்பு" என்று அம்மாவும் பாட்டியும் படுத்துக்கொள்வார்கள். வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

வாயுவா, மாரடைப்பா என்று சோடா சொல்லாது. ஈ.சி.ஜி. சொல்லும். அதிலும் முதல் ஈ.சி.ஜி. சில சமயம் சரியாக இருப்பது போல ஏமாற்றும். அதனால் மறுபடி எடுப்பார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் என்ற பொருளைப் பரிசோதிப்பார்கள். அது ஏறுவதற்கு சில மணி நேரம் ஆகும். ஆகையால் "ஈ.சி.ஜி. நார்மல்தானே, வீட்டுக்குப் போறேன்" என்று அடம் பிடிக்கக் கூடாது. டாக்டர் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. நெஞ்சு வலிக்காரரை ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவது. சிலர் தாங்களே ஓட்டிக்கொண்டு போவது. வழியில் இதயம் தாறுமாறாகத் துடித்தால் அங்கேயே விழ வேண்டியதுதான். ஆம்புலன்சில் வழியிலேயே பார்க்க ஆள் உண்டு.

போர்ஸ்மன் இதயத்தில் குழாயோடு மாடிப்படி இறங்கி நடந்தார். அது சரித்திரம். மாரடைப்பு வந்தவர் படி இறங்கக் கூடாது. உட்கார வைத்துவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள். நள்ளிரவிலும் வரும். காசு கிடையாது. வந்து பார்த்து "வாயுதான்" என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பலாம். அப்புறம் குடிக்கலாம் சோடா!